மொய்க் கவரில் ஒட்டிய ராஜா

என் கணவர் வில்பிரட் கொட்டாவி விட்டால் அவருக்குத் தூக்கம் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்த காலமும் உண்டு. கல்யாணமான புதிதில், பாவம், காலேஜ் லேபில் நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாரே என்று தலையணையைத் தட்டிப் போட்டுக்கூடக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கொட்டாவிக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது ஒரு தொழில் நுணுக்கம் என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் பிடித்தது.

குரோம்பேட்டையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் அவருக்கு வேலை. அது திங்கள் முதல் சனி வரை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு பைபிளை என்னிடம் திணித்துவிட்டு, மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பாட்சா பாயின் சூட்கேஸ் கடைக்குப் போய்விடுவார். கடையின் முன்பக்கம் சூட்கேஸும் ஸ்கூல் பையும் தொங்கும். பின்பக்கம் ஒரு மேஜை, ஒரு டேபிள் லைட், ஒரு பூதக்கண்ணாடி, வழவழப்பான ஒரு கருங்கல் துண்டு. இந்தப் பக்கத்தில் பழைய வெள்ளி ரூபாய் வைத்திருக்கும் யாரும் அதன் மதிப்பு என்னவென்று கேட்க அங்கேதான் வருவார்கள். காசைக் கல்லின் மேல் சுண்டிப் போட்டுச் சத்தம் கேட்பார் பாய். வெள்ளி என்றால் கணீர் என்று நீளமாக ஒலிக்கும். கலப்படம் என்றால் டொக் என்று உட்கார்ந்துவிடும். என் கணவர் பக்கத்தில் நின்று, ஏதோ ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவர்போல் பூதக்கண்ணாடியை எடுத்துக் கொடுப்பார்.

ஒரு தடவை பயணப் பை ஒன்று வாங்க நானும் கூடப் போனேன். படப்பையிலிருந்து மாரி என்று ஒருவர் வந்திருந்தார். பழைய வீட்டை இடிக்கும்போது கிடைத்ததாம், கைக்குட்டையில் முடிந்து கொஞ்சம் வெள்ளி ரூபாய்கள். பாய் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தார். ஒரு காசுக்கு வந்ததும் அவர் வாய் மெதுவாகத் திறந்து, நன்றாக விரிந்து, ஒரு பெரிய கொட்டாவி வெளியே வந்தது. “இன்னா சார் இது, எல்லாம் தேஞ்சி போய் கீது. எடைக்கு வேணா எடுத்துக்கறேன்” என்றார். அடுத்த நொடி என் கணவரும் கொட்டாவி விட்டார். காலை பதினொரு மணி, இருவரும் அப்போதுதான் டீ குடித்திருக்கிறார்கள். மாரி முகம் தொங்கிப்போய்க் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கியதும் இரண்டு பேருக்கும் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள்போல் மேஜையின் மேல் கவிழ்ந்துகொண்டார்கள்.

பிடித்த காசைப் பார்த்தால் பாய்க்குக் கண் பளபளக்குமாம். விற்கிறவன் அதைக் கண்டுகொண்டால் விலையை ஏற்றிவிடுவான். கொட்டாவி விட்டால் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு பளபளப்பு மறைந்துவிடும். இதை வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டேன். வியாபாரம் என்றார். பாட்சா பாயாவது மாரிக்கு எடை விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார். என் கணவராக இருந்தால் பஸ் சார்ஜைக்கூடக் கழித்திருப்பார்.

எங்கள் வீட்டில் அவருடைய காசெல்லாம் ஆல்பத்தில் இருக்கும், ஆல்பம் பீரோவில் இருக்கும். ஒரே ஒரு ரூபாய் மட்டும் தனியாக, கேமரா ஃபிலிம் ரோல் வரும் கறுப்பு டப்பாவில், ஷேவிங் செட்டுக்குப் பின்னால் கிடந்தது. அலமாரியைத் துடைக்கும்போது கண்ணில் பட்டது. தாடி வைத்த ஒரு ராஜா. இதை மட்டும் ஏன் ஆல்பத்தில் வைக்கவில்லை, இது எவ்வளவு போகும் என்று கேட்டேன். அவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

“அது தேஞ்ச காசு, சௌந்தரி. ஒரு ரூபாய்க்கு மேல போகாது.”

அப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. நான் தினமும் ஒரு பழைய துண்டை அதன் கீழே விரித்து, மாலையில் பிழிந்து காயப்போடுவேன். புது ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் பெருங்களத்தூரில் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டைக் காட்டி என் வாயை அடைத்துவிடுவார். அந்தக் காசுக்கும் அவர் விட்ட கொட்டாவிக்கும் உள்ள சம்பந்தத்தை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. கட்டிய மனைவியிடம் ஒரு மனுஷன் வியாபாரம் பண்ணுவார் என்று யார் நினைப்பார்கள்.

2007-ஆம் வருடம் பாட்சா பாயின் மகள் மெஹ்னாஸுக்கு நிக்காஹ். காலையிலேயே மண்டபத்துக்குப் போக வேண்டும். மொய்க் கவரில் ஐநூறு ரூபாய்த் தாளை வைத்துவிட்டேன். மேலே ஒட்ட ஒரு ரூபாய் நாணயம் இல்லை. மொய் என்றால் ஐநூறாக முடியக்கூடாது, ஐநூற்றொன்றாக இருக்க வேண்டும் என்பது இங்கே எந்த மதத்துக்காரருக்கும் பொதுவான சட்டம். ஆனால் அந்த வருடம் சில்லறைக்கு அப்படி ஒரு பஞ்சம். எந்தக் கடைக்குப் போனாலும் பாக்கிக்கு மிட்டாய்தான் கொடுத்தார்கள். என் கைப்பையில் ஒரு கை நிறைய மிட்டாய் இருந்தது, ஒரு ரூபாய் இல்லை. மிட்டாயை ஒட்ட முடியுமா? இவரோ வாசலில் நின்று ஆட்டோக்காரன் காத்திருக்கிறான் என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று ஃபிலிம் டப்பா ஞாபகம் வந்தது. ஒரு ரூபாய்க்கு மேல் போகாத காசு. நமக்குத் தேவையும் ஒரு ரூபாய்தான். ராஜாவின் முகம் மேலே தெரியும்படி பெவிகால் தடவி அழுத்தினேன். பார்க்கக்கூட லட்சணமாக இருந்தது.

மண்டபத்தில் கவரைக் கொடுத்தது அவர்தான். என் கணவருக்கு ஒரு பழக்கம், வீடியோ லைட் மேலே விழுந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கண்ணாடி இல்லாமல் அழகாக இருப்பதாக யாரோ எப்போதோ சொல்லித் தொலைத்திருக்கிறார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது மாப்பிள்ளையா மண்டபத் தூணா என்று அவருக்குத் தெரியாது. என் கையிலிருந்து கவரை வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி பாட்சா பாய் கையில் கொடுத்தார். பாய் அதைப் பக்கத்தில் வைத்திருந்த புது சூட்கேஸில் போட்டார். பிரியாணி பிரமாதம். இவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு ஷேவ் செய்ய உட்கார்ந்தவர், முகத்தில் பாதி நுரையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் காலி ஃபிலிம் டப்பா. அதில் இருந்த காசு எங்கே என்று கேட்டார். மொய்க் கவரில் ஒட்டினேன் என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃப்ரிட்ஜுக்குக் கீழே விரித்திருந்த ஈரத் துண்டின் மேல்தான் உட்கார்ந்தார், அதுகூடத் தெரியவில்லை.

முகத்து நுரையை வழித்துக்கொண்டே, “செலோடேப்பா, பெவிகாலா?” என்றார்.

“பெவிகால்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். காசு போனதைவிட அதன் முதுகில் பெவிகால் பட்டதுதான் அவரை அதிகம் வதைத்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதன் பிறகுதான் உண்மை வந்தது. அது 1911-இல் அச்சடித்த ரூபாயாம். அந்த வருடத்து ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருக்கும் குட்டி யானை, துதிக்கை சரியாக விழாமல் பன்றி மாதிரித் தெரிந்துவிட்டதாம். இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்து முகம் சுளிக்க, சர்க்கார் பயந்துபோய்க் காசைத் திரும்ப வாங்கி உருக்கிவிட்டது. அடுத்த வருடம் யானையை ஒழுங்காக யானையாகவே போட்டார்கள். உருக்கலில் தப்பிய ரூபாய் கிடைப்பது அபூர்வம். நல்ல நிலையில் இருந்தால் சேகரிக்கிறவர்கள் சண்டை போட்டு வாங்குவார்கள். எவ்வளவுக்கு என்று கேட்டேன். தயங்கினார். ஒரு நல்ல ஃப்ரிட்ஜ் வாங்கலாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் இரண்டு வருடமாகத் துண்டு பிழிந்துகொண்டிருக்கிறேன், ஃப்ரிட்ஜ் ஷேவிங் செட்டுக்குப் பின்னால் சுகமாக உட்கார்ந்திருந்திருக்கிறது. “நீங்கதானே ஒரு ரூபாய்க்கு மேல போகாதுன்னு சொன்னீங்க. ஒரு ரூபாய்க்குத்தான் நான் உபயோகப்படுத்தினேன்” என்றேன். நிக்காஹ் வீட்டுக்குப் பன்றியை ஒட்டி அனுப்பிவிட்டாயே, பாய் என்ன நினைப்பார் என்று வேறு பக்கம் தாவினார். பன்றியை வீட்டில் ஒளித்து வளர்த்தது நீங்கள், நான் இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

நேரே போய்ப் பாயிடம் கேட்டால் கொடுத்துவிடப் போகிறார், இதில் என்ன இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். கேட்க முடியாது. முதலாவது, கொடுத்த மொய்யைத் திருப்பிக் கேட்பவன் தாம்பரத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இரண்டாவது காரணத்தை அவர் ராத்திரிச் சாப்பாடுவரை வாய்க்குள்ளேயே வைத்திருந்து துப்பினார். அந்த 1911-ஐ அவருக்கு விற்றதே பாட்சா பாய்தானாம். கடைக்குச் சரக்கு எடுக்கப் பணம் முடை வந்தபோது, சாதாரண ரூபாய்கள் என்று ஒரு மூட்டையை எடைக்குக் கொடுத்திருக்கிறார். வருடம் பார்க்காமல் விட்டுவிட்டார். இவர் கடையிலேயே பார்த்துவிட்டு, ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, பணத்தைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டார். பாய் வீட்டுக்கு வந்தால் ஆல்பத்தைப் புரட்டுவார் என்பதால்தான் ஃபிலிம் டப்பா. சொல்லிக் கொடுத்தவரிடமே வித்தையைக் காட்டிவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் ஞாயிறுதோறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்திருக்கிறார். இப்போது காசு தன்னுடைய சொந்தக்காரரிடம் இலவசமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதுவும் ஐநூறு ரூபாயையும் கூட்டிக்கொண்டு.

ஆனால் பாய் அதைப் பார்த்தாரா? இல்லை, கவரைக் கிழித்தபோது குப்பையோடு போய்விட்டதா? இந்தக் கவலை இவரை அரித்தது. கல்யாண வீடியோ சிடியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று பாயிடம் வாங்கிக்கொண்டு வந்தார். மெஹ்னாஸின் மாமியார்கூட அதை அத்தனை தடவை பார்த்திருக்க மாட்டார். தான் வரும் இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, இந்த முறை மூக்குக்கண்ணாடியோடு பார்ப்பார். படத்தில் என் கணவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அவருடைய கட்டைவிரல் சரியாக ராஜாவின் மூஞ்சியை அழுத்திக்கொண்டிருக்கிறது. பாயின் மனைவி சித்திகா அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், உங்க வீட்டுக்காரருக்கு எங்க பொண்ணு மேல எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோவார். நான் ஆமாம் அக்கா என்பேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு துணிந்துவிட்டார். யாரோ பேப்பரில் எழுதியிருந்ததாகச் சொல்லி, 1911 ரூபாயை எப்போதாவது கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா பாய் என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறார். பாய் சூட்கேஸ் ஒன்றின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், அதைப் பன்றி என்று சொன்னவனைக் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், அது அசல் யானைதான் என்றாராம். அப்புறம் கொட்டாவி விட்டாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இவர் சொன்னார்.

“கொட்டாவி விட்டான், சௌந்தரி. காசு அவன்கிட்டதான் இருக்கு.”

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாய்க்கு எல்லாம் புரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தான் விற்ற மூட்டையை மறக்கிற ஆளா அவர். இவர் மட்டும் நாளுக்கு நாள் சுண்டிப்போனார். காசு போனதால் இல்லை. இனிமேல் அந்த மேஜையில் சிரிக்கிறவர் பாய், சிரிக்கப்படுகிறவர் தான் என்பதால். எனக்குக் கொஞ்சம் பாவமாகவும், நிறைய திருப்தியாகவும் இருந்தது.

அடுத்த தை மாதம் பெருங்களத்தூர் ஃபிளாட்டுக்குக் குடி போனோம். பொங்கலுக்கு ஊர் போகிற கூட்டமெல்லாம் ஓய்ந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான் தேதி வைத்தோம். பாஸ்டர் ஒவ்வொரு அறையிலும் நின்று ஜெபம் பண்ணினார். கசியும் ஃப்ரிட்ஜும் எங்களோடு வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தது, அதற்கும் சேர்த்தே ஜெபம் நடந்தது. பாட்சா பாயும் சித்திகா அக்காவும் ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தோடு வந்தார்கள். பாய் என் கணவர் கையில் ஒரு கவரைக் கொடுத்து, “வூடு சூப்பரா கீது வில்பிரட்டு. நல்லா இரு” என்று தோளில் தட்டினார்.

இந்தத் தடவை கேமரா இல்லை, அதனால் கண்ணாடி மூக்கில் இருந்தது. இவர் முதலில் பார்த்தது கவரில் ஒட்டியிருந்த காசைத்தான். வெள்ளி இல்லை. அப்போது புதிதாக வந்திருந்த ஸ்டீல் ஒரு ரூபாய். கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டும் ஒரு கை அதில் இருக்குமே, அந்தக் காசு. விரல் நேராக இவர் மூக்கைப் பார்த்து நின்றது. இவர் முகம் பேயறைந்ததுபோல் ஆனது. பாய் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு கவரை மூலையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, மற்ற கவர்கள் இருந்த பையில் போட்டார். “இதை என் கண்ணுல காட்டாதே” என்றார்.

மறுநாள் அவர் காலேஜுக்குப் போன பிறகு நான் கவர்களைப் பிரிக்க உட்கார்ந்தேன். பாயின் கவர் கனமாக இருந்தது. உள்ளே ஐநூறு ரூபாய்த் தாள் நான்காக மடிந்திருந்தது. அதைப் பிரித்ததும் தாடி வைத்த ராஜா என் மடியில் விழுந்தார். திருப்பிப் பார்த்தேன். 1911 என்ற எண்ணின் மேல் என்னுடைய பெவிகால், காய்ந்து வெள்ளையாக, தடவியபடியே இருந்தது. பாய் அதைச் சுரண்டவில்லை. காசைச் சுரண்டக்கூடாது என்று தெரிந்தவர். கூடக் கடிதம் ஒன்றும் இல்லை, வெளியே அந்தக் கட்டைவிரல், உள்ளே இந்த ராஜா, அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை ஏமாற்றியவனைக் கொஞ்சம் கேலி செய்துவிட்டு, காசையும் கொடுத்துவிட்டு, கேசரி சாப்பிட்டுப் போயிருக்கிறார் மனுஷன்.

உடனே இவருக்குப் போன் போடத்தான் எழுந்தேன். போன் சமையலறைப் பக்கம் இருந்தது. போகிற வழியில் ஈரத் துண்டை மிதித்துவிட்டேன். ஒரு ரூபாய்க்கு மேல் போகாது, சௌந்தரி. அந்தக் குரல் அப்படியே காதில் கேட்டது. நான் போனை எடுக்கவில்லை. குக்கரின் பழைய கேஸ்கட்டுகளைப் போட்டு வைத்திருக்கும் டப்பாவைத் திறந்து, ராஜாவை அடியில் படுக்கவைத்து, மேலே ரப்பர் வளையங்களைப் போட்டு மூடினேன். என் கணவர் திறக்க வாய்ப்பே இல்லாத டப்பா இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் மார்க்கெட்டில் பாயைப் பார்த்தேன். கவரைப் பிரித்தீர்களா என்று கேட்டார். பிரித்தேன், ரொம்ப நன்றி பாய் என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் வில்பிரட் ஒரு வார்த்தை பேசவில்லையே, இன்னும் வெட்கமா என்றார்.

“அவர் சுபாவம் உங்களுக்குத் தெரியாதா பாய். நல்ல காசு கைக்கு வந்தா வாயைத் திறக்க மாட்டார்” என்றேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆக, இவர் காசு பாயிடம் இருக்கிறது என்று நம்பி ஞாயிறுதோறும் பாயின் மேஜை டிராயரை ஓரக்கண்ணால் துழாவுகிறார். பாய், காசு இவரிடம் இருக்கிறது என்று நம்பி, எப்போது வாயைத் திறப்பான் பார்க்கலாம் என்று காத்திருக்கிறார். புது ஃப்ரிட்ஜ் எப்போது வருகிறதோ அன்றைக்கு அதன் முட்டைத் தட்டில் ராஜாவை உட்காரவைப்பது என்று நான் முடிவு செய்திருக்கிறேன். அவராகவே வாங்கி வர வேண்டும், நான் கேட்கமாட்டேன்.

போன சனிக்கிழமை காலேஜுக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்ன தோன்றியதோ, திடீரென்று தலையை நிமிர்த்தினார். அன்றைக்கு பாட்சா கொடுத்த கவரில் என்ன இருந்தது என்று கேட்டார். ஐநூறு ரூபாய் என்றேன், மேலே ஒட்டியிருந்ததையும் சேர்த்து ஐநூற்றொன்று. வேறு எதுவும் இல்லையா என்று என் முகத்தையே பார்த்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் கேஸ்கட் டப்பா இருந்தது. என் கண் பளபளக்கப் போகிறது என்று எனக்கே தெரிந்தது.

நான் வாயை நன்றாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டேன். நிதானமாக, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

தாம்பரம் முழுக்கத் தேடினாலும் ஒரு கொட்டாவியின் மதிப்பு தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். அதில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

“காலைல இருந்து வேலை பாத்து அசந்துபோயிருக்கே. போய்க் கொஞ்சம் படு” என்றார்.

நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.